ஒதுக்கு நிலம்

மாதேஸ்வரன் இரண்டாவது தடவையும் தோற்றுப்போனபோது பயிற்சி மையத்தில் யாருமே நம்பவில்லை. எழுத்துத் தேர்வில் அந்தக் குழுவிலேயே அவன்தான் முதல். குளோரின் வண்டிக்கு என்ன எச்சரிக்கை எண், அம்மோனியா வண்டிக்கு என்ன எண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். எந்த வாயு மேலே போகும், எது தரையோடு தரையாகப் படுத்துப் பள்ளம் தேடிப் போகும், எதன்மேல் தண்ணீர் அடிக்கலாம், எதன்மேல் அடித்தால் காரியம் கெட்டுவிடும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. முகமூடியை மாட்டிக்கொண்டு டேங்கர்மேல் ஏறி, கசியும் வால்வுக்கு மூடி போட்டு முடுக்கும் பயிற்சியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் தோற்றது கடைசித் தேர்வில். கேபின் தேர்வு என்று அதைச் சொல்வார்கள்.

லாரிகள் தாமாகவே ஓட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. முதலில் பார்சல் வண்டிகள், பிறகு சிமெண்ட், பிறகு முட்டை வண்டிகள் என்று ஒவ்வொன்றாக ஆள் இல்லாமல் போயின. சங்ககிரியில் ஸ்டீயரிங் பிடித்து வயிறு வளர்த்தவர்கள் எல்லாம் நூல் மில்லுக்கும் கோழிப்பண்ணைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே ஒரு வகை வண்டியில் மட்டும் மனிதன் ஒருவன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது: விஷவாயுவும் அமிலமும் எரிவாயுவும் ஏற்றிப்போகும் வண்டி. அதற்குத் தனி உரிமம் வேண்டும். அபாயச் சரக்கு உரிமம். நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த அந்தப் பயிற்சி மையத்தின் வாசலில் தினமும் விடிவதற்கு முன்பே வரிசை நிற்கத் தொடங்கியது அதனால்தான்.

கேபின் தேர்வுக்கு ஓர் அடைத்த அறை. உள்ளே ஓர் இருக்கை. சுற்றிலும் திரைகள். அதில் நிஜமான சாலைகள் ஓடும், வண்டி குலுங்கும், இருக்கையும் சேர்ந்து குலுங்கும். முன்னால் ஸ்டீயரிங் கிடையாது. வலது கைக்குப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் மட்டும். பச்சை, சிவப்பு. பச்சையில் 'சம்மதம்' என்றும் சிவப்பில் 'மறுப்பு' என்றும் எழுதியிருக்கும்.

தேர்வு முடிந்து வெளியே வந்தவனைப் பயிற்சியாளர் ரூபவதி கையோடு கேன்டீனுக்கு அழைத்துப் போனாள். முப்பது வயதுகூட ஆகாத பெண். கெடுபிடி இல்லாமல் பேசுகிறவள். அவளுடைய அப்பாவும் இவனைப் போல லாரி ஓட்டியவர்தான் என்று பேச்சு.

"என்னங்ணா ஆச்சு? போன தடவ செஞ்சதையே இந்தத் தடவயும் செஞ்சு வெச்சிருக்கீங்க. வண்டி கேள்வி கேக்குது, நீங்க சும்மா உக்காந்திருக்கீங்க."

"கை போகலீங்க மேடம்."

"ஏன் போகல?"

"இடது பக்கம் ஊரு, இத்தன பேரு இருக்காங்கன்னு சொல்லுது. வலது பக்கம் காலி இடம், அங்க போறேன், சம்மதமான்னு கேக்குது. அந்த இடம் எனக்குத் தெரியுமுங்க. பவானி தாண்டி வர்ற வளைவு. நெஜத்துல அங்க ஆட்டுப் பட்டி போட்டுக் குடியிருக்கறாங்க. ரோட்டுல இருந்தே தெரியும்."

"பதிவுல இல்லீங்களே."

"பதிவுல இல்லீங்க. பட்டியில இருக்கறாங்க."

ரூபவதி டீயை ஊதிக்கொண்டே அவனைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துப் பேசினாள்.

"இங்க பாருங்ணா. வண்டிக்கு நம்மள விட நல்லாக் கணக்குப் போடத் தெரியும். எங்க போனா எத்தன பேருக்கு ஆபத்துன்னு கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள சொல்லிரும். ஆனா எந்த மனுசன் சாகலாம்னு ஒரு இயந்திரம் முடிவு பண்ணக்கூடாதுன்னு கோர்ட்டுல தீர்ப்பு ஆயிருச்சு. அதனால முடிவ வண்டி எழுதி நீட்டும். கையெழுத்த மட்டும் நீங்க போடணும். அதுக்குத்தான் இந்த உரிமம், இந்தப் பரீட்சை, எல்லாம். ரோட்டோரமா அங்கங்க நிலத்த ஒதுக்கி வெச்சிருக்காங்க. அங்க யாரும் குடியிருக்கக் கூடாதுன்னு சட்டம். ஒடஞ்ச வண்டி அங்க போய் நிக்கணும். அவ்வளவுதான்."

"குடியிருக்கக் கூடாதுன்னா யாரும் இல்லைன்னு அர்த்தமாங்க?"

"வண்டிக்கு அப்படித்தான் அர்த்தம்."

"அப்ப மறுப்புன்னு ஒரு பொத்தான் எதுக்குங்க?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அது இல்லாட்டி சம்மதத்துக்கு மதிப்பில்லாமப் போயிருமுல்ல" என்றாள்.

"சிவப்ப அழுத்தி யாராவது பாஸ் பண்ணியிருக்காங்களா?"

"இல்லீங்ணா. உங்களுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருக்கு. அதுக்கப்புறம் உள்ளயே விடமாட்டாங்க. வீட்டுல யாரையாவது கேக்கச் சொல்லிப் பழகுங்க. கேட்ட உடனே பதில் வரணும். யோசிக்கக் கூடாது. யோசிச்சீங்கன்னா அந்தப் பட்டி கண்ணு முன்னால வந்துரும்."

வீட்டில் இருந்தது கோகிலவாணி ஒருத்திதான். மகள் பெருந்துறையில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணி நூல் மில்லில் வேலை பார்த்தாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இரண்டு வருடமாக இருமல். மில்லை விட்டால்தான் நெஞ்சு தேறும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மில்லை விட்டுவிட்டால் அடுப்பு எரிவது எப்படி என்பதை அவர் சொல்லவில்லை. மாதேஸ்வரன் அந்த உரிமத்தை விரட்டிக்கொண்டு ஓடியது இதற்காகத்தான்.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்து, முகம் கழுவி, அடுப்பைப் பற்றவைத்த கையோடு அவள் கேள்வி கேட்க ஆரம்பிப்பாள். வெங்காயம் உரித்தபடியே கேட்பாள். அவன் கதவோரம் முக்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வான்.

"இடது பக்கம் பள்ளிக்கூடம், முந்நூறு பேரு. வலது பக்கம் காலி."

"வலது."

"நேரா ஆஸ்பத்திரி. இடது பக்கம் காலி."

"இடது."

"இடது பக்கம் கல்யாண மண்டபம். வலது பக்கம் ரெண்டு வீடு, எட்டுப் பேரு."

முதல் வாரத்தில் இந்த மாதிரிக் கேள்வி வந்தால் அவன் நிறுத்திவிடுவான். "யாரு வீடு?" என்று கேட்பான். கோகிலவாணி கத்தியை நீட்டித் திட்டுவாள். "யாரு வீடா இருந்தா உங்களுக்கென்ன? பத்திரிக்க வெக்கப் போறீங்களா? பதில் சொல்லுங்க." இருமல் வந்து குறுக்கிடும். அவள் இருமி முடிக்கும் வரைக்கும் அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த இருமல்தான் அவனுக்கு நல்ல வாத்தியாராக இருந்தது. போகப் போக அவன் தேறினான். எட்டுப் பேர், வலது. மூன்று பேர், இடது. பேருந்து நிறுத்தம் ஒரு பக்கம், குடிசை ஒரு பக்கம் என்றால் குடிசை. வாய் முந்திக்கொண்டது. மனசு பின்னால் எங்கோ தங்கிவிட்டது. சாலையில் சைக்கிளில் போகும்போதுகூட இரண்டு பக்கமும் தலைகளை எண்ணிக்கொண்டு போனான்.

ஒரு சாயங்காலம் கோகிலவாணி வழக்கம்போலக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவனும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே வந்தான். அவள் குரலை மாற்றாமல் கேட்டாள்.

"இடது பக்கம் சந்தை, நாப்பது பேரு. வலது பக்கம் ஒரே ஒருத்தி. நானு."

"வலது."

கொஞ்சமும் தாமதம் இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் கேள்வி அவன் காதுக்குள் இறங்கியது. நிமிர்ந்து பார்த்தான். அவள் கையில் பாதி உரித்த வெங்காயம் இருந்தது. சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள்.

"பாஸாயிருவீங்க" என்றாள்.

"வாணி, அது வந்து, வேகத்துல..."

"அட, அதுக்குத்தானே பழகறோம். விடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். குழம்பு இன்னும் கொதிக்கவே இல்லை. அதற்கப்புறம் அவள் கேள்வி கேட்கவில்லை. அவனும் கேட்கச் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை கேபின் தேர்வில் அவனுக்கு முழு மதிப்பெண். ரூபவதி கைகொடுத்தாள். "சொன்னேனில்லீங்ணா" என்றாள்.

வேலை உடனே கிடைத்தது. மேட்டூர்ப் பக்கமிருந்து குளோரின் ஏற்றிக்கொண்டு தெற்கே குடிநீர் சுத்திகரிக்கும் நிலையங்களுக்குப் போய் வர வேண்டும். வேலை என்றால் உட்கார்ந்திருப்பதுதான். ஆரம்பத்தில் வளைவு வந்தாலே அவன் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியது. பிறகு காலும் அடங்கிவிட்டது. கோகிலவாணி மில்லுக்குப் போவதை நிறுத்தினாள். இருமல் மெல்லக் குறைந்தது. மகளுக்கு விடுதியில் சாப்பாடு பிடிக்கவில்லை என்பதுதான் வீட்டில் பெரிய கவலையாக இருந்தது. அதெல்லாம் நல்ல மாதங்கள்.

போகிற வழியில் ஒதுக்கு நிலங்களை அவன் பார்க்காமல் இருந்ததில்லை. மஞ்சள் பலகை நட்டு 'குடியிருப்பு தடை' என்று எழுதியிருக்கும். எந்த நிலமும் காலியாக இல்லை. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களுக்கு வாடகை கேட்காத இடம் அதுதானே. ஒன்றில் பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள் இருந்தார்கள். ஒன்றில் கழைக்கூத்தாடிகள். வெள்ளக்கல் பிரிவுக்குப் பக்கத்தில் இருந்ததில் ஒரு செங்கல் சூளை. யாரோ பெரிய மனிதர் திருட்டுத்தனமாக நடத்தியது. கல்வராயன் மலையிலிருந்து கூட்டி வந்த ஆட்கள் மண் வெட்டி எடுத்த பள்ளத்துக்குள்ளேயே ஓலைக் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். பள்ளத்துக்குள் என்றால் காற்று அடிக்காது, குடிசை பறக்காது. ஆள் இல்லாத லாரிகளுக்கு நடுவில் ஆளோடு வருகிற வண்டி என்பதால் அங்கிருந்த பெண்கள் சிலசமயம் கல் சுமந்தபடியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அன்றைக்கு மத்தியானம் நல்ல வெயில். வெள்ளக்கல் பிரிவில் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்தது. கிரேன் தூக்கிக் கொண்டிருந்த இரும்பு உத்தரம் ஒன்று காற்றில் திரும்பி, கீழே ஊர்ந்துபோன அவனுடைய டேங்கரின் உச்சியில் இடித்தது. வண்டி முழுக்க அதிர்ந்தது. அடுத்த நொடியே பிளீச்சிங் பவுடர் வாடை. மாதேஸ்வரன் முகமூடியை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான். டேங்கர் தலையிலிருந்து மஞ்சள் கலந்த பச்சையில் புகை போல ஒன்று வழிந்து கீழே இறங்கிக் கொண்டிருந்தது.

"வால்வு சேதம். கசிவு அதிகரிக்கிறது" என்றது வண்டி. மென்மையான பெண்குரல். "முன்னால் வெள்ளக்கல் பேருந்து நிலையம். பதிவான மக்கள் அறுநூறுக்கு மேல். வலப்புறம் ஒதுக்கு நிலம். பதிவான மக்கள் இல்லை. வலப்புறம் செல்கிறேன். சம்மதமா?"

வலப்பக்கம் சூளைப் புகை எழும்பிக் கொண்டிருந்தது. சரிவில் கொடி கட்டிச் சேலை காயப்போட்டிருந்தார்கள். பழகிய கை பச்சைப் பக்கம்தான் போனது. விரல் பொத்தானைத் தொட்டும்விட்டது. அப்படியே நின்றது. அவன் விரலைப் பிடுங்கி எடுத்து சிவப்பை அழுத்தினான்.

"மறுப்பு பெறப்பட்டது. மீண்டும் கணக்கிடுகிறேன்."

"கதவத் திற. இங்கயே நில்லு. நான் ஏறி மூடி போட்டர்றேன்" என்று கத்தினான்.

"வலப்புறம் ஒதுக்கு நிலம். பதிவான மக்கள் இல்லை. சம்மதமா?"

"ஆளுக இருக்கறாங்க! பாரு, சேல காயுது பாரு! ஆளுக இருக்கறாங்க!"

சிவப்பை மறுபடி அழுத்தினான். மறுபடியும். பொத்தானே உடைந்துவிடும்போலக் குத்தினான்.

"உங்கள் பதில் பெறப்பட்டது. நன்றி" என்று சொல்லிவிட்டு வண்டி வலப்பக்கம் திரும்பியது.

சரிவின் உச்சியில் போய் நின்ற பிறகுதான் கதவு திறந்தது. மாதேஸ்வரன் வால்வு மூடி இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு டேங்கர் ஏணியில் ஏறினான். ஏறும்போதே கீழே பார்த்துக் கத்தினான். முகமூடிக்குள் இருந்து கத்தியது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. கழற்றிவிட்டுக் கத்தினான். "மேட்டுக்கு ஓடுங்க! மேட்டுக்கு! கீழ போகாதீங்க!" சூளையில் நின்றவர்கள் அவனை அண்ணாந்து பார்த்தார்கள். வாயுவையும் பார்த்தார்கள். பிறகு எல்லோருமாகப் பள்ளத்தைப் பார்த்து ஓடினார்கள். குழந்தைகள் குடிசைகளில் தூங்கிக் கொண்டிருந்தன. வாயுவும் பள்ளத்தைப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவன் மூடியைப் பொருத்திவிட்டான். வளைந்து போயிருந்த வால்வில் அது உட்கார வெகுநேரம் பிடித்தது. இருந்தாலும் உட்கார்ந்தது. கசிவு நின்றது. பெட்டியைப் போட்டுவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கினான். இரண்டு பேரை மேலே இழுத்துக்கொண்டு வந்தது அவனுக்கு நினைவிருக்கிறது. மூன்றாவது ஆளின் கையைப் பிடித்ததும் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தான். மார்புக்குள் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல இருந்தது. இரண்டாம் நாள் ரூபவதி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கொண்டு வந்த ஆரஞ்சுப் பழங்களை மேசையில் அடுக்கிக் கொண்டிருந்தாள்.

"நான் சிவப்பத்தான் அழுத்தினேன் மேடம்" என்றான். குரல் காற்றாக வந்தது.

"தெரியுமுங்ணா. நம்பறேன்."

"அப்பறம் ஏன் திரும்புச்சு?"

"சிவப்ப அழுத்தினா வண்டி மறுபடி கணக்குப் போடும். புதுசாத் தகவல் எதுவும் வரலைன்னா பழைய விடைதானே வரும்? நேரம் முடிஞ்சதும் அந்த விடைப்படி போயிரும்."

"தகவல் சொன்னேனுங்க. ஆளு இருக்குன்னு தொண்ட கிழியக் கத்தினேன்."

"நாம பேசறதைக் கேக்க அதுக்குக் காது வெக்கலீங்ணா. பதிவேடு மட்டும்தான்."

"நான் அழுத்துனது எங்கயாவது பதிஞ்சிருக்குமில்ல?"

ரூபவதி கீழே பார்த்தாள். "பதில் வந்துச்சு, நேரத்துக்குள்ள வந்துச்சு, அவ்வளவுதான் பதியும். என்ன பதிலுன்னு பதியாது. சட்டத்துக்கு ஒரு மனுசன் பதில் சொல்லியிருக்கணும். அது போதும்."

"இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"வேலைக்குச் சேந்த மொத வருசமே தெரியும்" என்றாள். "சொன்னா யாருங்ணா பரீட்சைக்கு வருவாங்க?" கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் வேற வேல கிடைக்கலீங்ணா" என்று சேர்த்துக்கொண்டு எழுந்துபோனாள்.

கம்பெனியின் வக்கீல் மூன்றாம் நாள் வந்தார். தன்மையான மனிதர். அவர் சொன்னதில் குழப்பம் எதுவும் இல்லை. வண்டி போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. அங்கே ஆள் இருந்தது மாதேஸ்வரனுக்குத் தெரியாது. தெரியாமல் சம்மதம் கொடுத்தான். போலீஸ் கேட்டால் இதைச் சொன்னால் போதும், உடம்பு தேறியதும் பழையபடி வண்டியேறலாம். "மறுப்பு அழுத்தினேன்னு சொன்னாலும் தப்பில்ல தம்பி. ஆனா அதுக்கு ஆதாரம் கிடையாது. அப்பவும் இயந்திர விபத்துன்னு முடியும். எப்படிச் சொன்னாலும் அந்த ஆளுங்க சட்டப்படி அங்க இல்லாதவங்க. தடை செஞ்ச எடத்துல அத்துமீறி நுழைஞ்சவங்களுக்குக் கேஸும் இல்ல, நஷ்டஈடும் இல்ல. ஆளு இருக்குன்னு தெரிஞ்சே வண்டிய விட்டாத்தான் கொலக் குத்தம். அப்படி யாரும் பண்ணலயே" என்றார்.

சாயங்காலம் கோகிலவாணி கஞ்சி கொண்டு வந்தாள். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். அவளிடம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். விரல் பச்சையில் பட்டதையும் பிடுங்கி எடுத்ததையும் சிவப்பைக் குத்திக் குத்தி அழுத்தியதையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள்.

"சரிங்க" என்றாள்.

"நெஜமாத்தான் வாணி."

"சரின்னுதானே சொல்றேன். பேசாதீங்க, மூச்சு வாங்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கரண்டியை நீட்டினாள். அவள் நம்பவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. கோபமும் இல்லை அவளுக்கு. எதிர்பார்த்தது நடந்த மாதிரி இருந்தாள். அவன் வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொண்டான்.

வார்டின் மறுகோடியில் தரையில் பாய் போட்டு ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான். பள்ளத்திலிருந்து பிழைத்தவர்களில் ஒருவன். பெயர் சடையன் என்று நர்ஸ் சொன்னாள். கண்கள் இரண்டும் வீங்கிக் கட்டுப் போட்டிருந்தது. கட்டில் கொடுக்க அடையாள அட்டை கேட்டார்களாம். அது சூளையிலேயே கிடக்கிறது என்று சொன்னானாம். வருகிறவர் போகிறவர் காலடி கேட்கும்போதெல்லாம், "எங்கூட்டுப் பொணத்த எப்ப சாமி குடுப்பீங்க?" என்று கேட்டான். யாரும் நின்று பதில் சொல்லவில்லை. கணக்கில் இல்லாத பிணத்தை எந்தப் பெயரில் கொடுப்பது என்று பிணவறையில் குழம்பிக் கொண்டிருந்தார்கள்.

மாதேஸ்வரன் அன்றெல்லாம் அந்தக் கேள்வியையும், தெரிந்தே வண்டியை விட்டால்தான் கொலைக் குற்றம் என்று வக்கீல் சொன்னதையும் மனசுக்குள் கேட்டுக்கொண்டே கிடந்தான்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் ஞானசேகர் ஓர் ஏட்டையும் கூட்டிக்கொண்டு வாக்குமூலம் எடுக்க வந்தார். அவருக்கு அவசரம். பெயர், ஊர், உரிம எண் எல்லாம் கேட்டுவிட்டு அடுத்ததையும் அவரே சொல்லிவிட்டார். "அங்க ஆள் இருந்தது உனக்குத் தெரியாது. அப்படித்தானே?"

"தெரியுமுங்க."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "என்ன தெரியும்?"

"தெனமும் அந்த வழியாத்தான் போவேன். சூளை இருக்குது, பள்ளத்துல குடிசை இருக்குது, எல்லாம் தெரியும். அன்னிக்கும் பாத்தேனுங்க. சேல காயறதப் பாத்தேன். பாத்துட்டுத்தான் சம்மதம் அழுத்தினேன்."

"யோவ், என்ன பேசறேன்னு தெரிஞ்சு பேசறியா? வக்கீல் வந்து சொல்லலியா உனக்கு?"

"சொன்னாருங்க."

"ஜெயிலுக்குப் போயிருவே."

"எழுதிக்கங்க சார். ஆளுக இருந்தாங்க. இருக்கறாங்கன்னு தெரிஞ்சேதான் வண்டிய அங்க உட்டேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவால் தொடையைத் தட்டினார். எரிச்சலாக இருந்தது அவருக்கு. ஒரே பக்கத்தில் எழுதி முடிக்க வேண்டிய விஷயம் இழுத்துக்கொண்டு போகும். "தெரிஞ்சு செஞ்சேன்னு சொன்னா செத்தவங்க இன்னார் இன்னாருன்னு எழுதணும். யாருக்குத் தெரியும் இவங்க பேரெல்லாம்?" என்று ஏட்டிடம் கேட்டார்.

ஏட்டு வார்டின் மறுகோடியைக் காட்டினார். இரண்டு பேருமாகப் போய் சடையனை எழுப்பி, கையைப் பிடித்துக் கூட்டிவந்து மாதேஸ்வரன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். சடையனுக்கு யாருடைய கட்டில் அது என்று தெரியவில்லை. பேச்சை மட்டும் கேட்டிருக்கிறான் போலிருக்கிறது. கட்டுப் போட்ட முகத்தைத் திருப்பினான்.

"நீங்கதான் வண்டியில இருந்த ஆளா?"

"ஆமாங்க."

"எங்களப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க."

சடையன் முகத்தை ஏட்டு இருந்த பக்கம் திருப்பிக்கொண்டான்.

"உங்க ஆளுக பேரு, வயசு சொல்லு" என்றார் ஏட்டு.

"அலமேலு. எம்பொஞ்சாதி. வயசு தெரியாதுங்க, முப்பதுக்குள்ள போடுங்க. அண்ணாமல, எந்தம்பி. அவம்பொஞ்சாதி பூங்கொடி. பெரிய பாப்பா செல்வி, நாலு வயசு." ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தினான். பேனா ஓடும் சத்தம் நின்றதும் அடுத்ததைச் சொன்னான். பக்கத்துக் குடிசைக்காரர்களின் பெயர்களையும் சொன்னான். அவர்கள் எந்த ஊர், அப்பன் பெயர் என்ன என்பதையும் விசாரித்து விசாரித்து ஏட்டு எழுதினார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "சின்னப் பாப்பா ஒண்ணு" என்றான்.

"பேரு?"

"அதுக்கு இன்னும் பேரு வெக்கலீங்க. மலைக்குப் போயி வெக்கலாம்னு இருந்தோம்."

"பேரில்லாம எழுத முடியாதுய்யா" என்றார் ஏட்டு.

"அப்ப அது இருந்துச்சுன்னு எழுத மாட்டீங்களா?"

ஏட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சடையன் மடியில் கிடந்த தன் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். பேனாவை மூடாமல் ஏட்டு காத்திருந்தார்.

"மலர்னு எழுதிக்கங்க" என்றான் சடையன்.